படத்தில் வராத புல்

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே, டாக்ஸி ஸ்டாண்டில், என் அம்பாசடரின் பானட் மேல் மேடம் அந்தப் படத்தை விரித்தபோது நாங்கள் நான்கு டிரைவர்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் அது காற்றில் எழும்பியது. அன்று சேலையூரில் கரண்ட் இல்லை. பட்டணத்துப் பெரிய ஆபீசுக்கு அதைக் கொண்டுபோக வண்டி கேட்டு வந்தவர், ஏறுவதற்கு முன் ஒருதரம் வெயிலில் பார்த்துக்கொள்கிறேன் என்று விரித்துவிட்டார். பாய் அளவு படம். முக்கால்வாசி சிவப்பு. நடுநடுவே சாம்பல் திட்டு.

"நீலகிரி மலை இது. சாட்டிலைட் எடுத்தது" என்றார்.

பக்கத்து வண்டிக்காரன் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான். "இன்னா மேடம், மலைன்றீங்க, ஆட்டு ஈரல் கணக்கா கீது?"

மேடம் சிரித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்தக் கேமராவுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சமும் தெரியுமாம். உயிரோடு தழைத்து நிற்கும் இலையிலிருந்து அது நிறைய வருமாம். அதைச் சிவப்பாகக் காட்டுவது வழக்கமாம். எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு.

"அப்போ ஈரல் நல்லாகீதுன்னு சொல்லுங்க" என்றான் அவன்.

"ஆமாண்ணா. வருஷா வருஷம் தேறிக்கிட்டு வருது" என்றார் மேடம். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் தெரிகிறது.

மேடத்துக்குப் பேர் உண்டு. மேடம் என்றே கூப்பிட்டுப் பழகியவன், அப்படியே எழுதுகிறேன். நான் பீர்க்கன்கரணைக்காரன். ஐந்தாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. எண்பதுகளின் நடுவில் கேம்ப் ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் அவர் ஆபீஸ் இருந்தது. கீழே வீட்டுக்காரர்கள் வடகம் காயவைப்பார்கள். மேலே இவர்கள் மலையையும் காட்டையும் வானத்திலிருந்து பார்ப்பார்கள். கண்ணாடி போட்ட மேசை, அதற்கு அடியில் டியூப் லைட். படத்தை அதன் மேல் வைத்து, அதன் மேல் டிரேசிங் தாள் வைத்து, ஓரம் ஓரமாகப் பென்சிலால் வரைவார்கள். சில வருஷம் முந்திய படம் ஒன்று, புதுப் படம் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, மலை தேறியதா கெட்டதா என்று எழுதுவது வேலை. வெளியூர் போவதென்றால் என் வண்டி. மற்ற நாளில் சாயங்காலம் பொழிச்சலூரில் அவர் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அக்கா குடும்பத்தோடுதான் இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "மேல சுத்திக்கிட்டு இருக்கறது எறங்கட்டும், பார்க்கலாம்" என்பார். கேட்டவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்.

மேகம் இருந்தால் படம் விழாது. அந்த மலையில் மேகம் இல்லாத மாதம் தை. அதனால் படங்கள் எல்லாமே தையில் எடுத்தவை. படம் எந்த மாதமோ அந்த மாதமே போய்த் தரையையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் ஒரு முறை. மாதம் மாறினால் படம் ஒன்று, தரை ஒன்று ஆகிவிடுமாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொங்கல் முடிந்ததும் கிளம்புவோம். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, சேலம், மேட்டுப்பாளையம். வழியில் மேடம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். அது இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. மலை ஏறி, ஊர் எல்லாம் தாண்டி, மேல்மட்டத்துக்குப் போய்ச் சேர்வோம். விடிகாலையில் புல் மேல் உப்பைத் தூவினாற்போல் பனி உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அந்தப் பனியே புல்லைக் கருக்கிவிடும். கண்ணுக்கு எட்டும் வரை பழுப்பு. மிதித்தால் நொறுங்கும். அதற்கு அடுத்த மேட்டில் சீகை மரம். வெளிநாட்டு மரம், பட்டைக்கும் விறகுக்கும் நட்டது என்றார்கள். பனியில் அது கருகாது. கரும்பச்சையாய், கொழுகொழுவென்று நிற்கும். படத்திலும் அப்படியே. புல் இருந்த இடம் சாம்பல். மரம் நட்ட இடம் ஈரல் சிவப்பு. மேடம் படத்தைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகும். "பாருங்கண்ணா, பழைய படத்துல இந்த மேடு பூரா வெளுப்பு. இப்ப எப்படி ஆயிருக்கு" என்பார். மொட்டைத் தலையில் முடி வந்த மாதிரி இருக்கு மேடம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழுப்பு மேட்டுக்கு அடியில், ரோட்டோரம் ஓர் ஓடை. தையிலும் ஓடும். வண்டி மலையேறிச் சூடாகியிருக்கும். ரேடியேட்டருக்கு அங்கேதான் பிடிப்பேன். கை விறைத்துப்போகும்.

மேடத்தின் ரிப்போர்ட் நல்ல பேர் வாங்கியது. மலையின் நலம் கூடியிருக்கிறது, மரம் நட்ட இடமெல்லாம் தேறிவிட்டது, நடாத இடம் வெறும் நிலமாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த ஆபீசுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் பெரிய சார் என்போம். நல்ல மனுஷன். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அவர் மாடிப்படி இறங்கி வந்து என் தோளில் தட்டினார். "நம்ம ரிப்போர்ட்டை வெச்சுத்தான்பா மேல அடுத்த நடவு. மிச்சம் இருக்கற வெறும் நிலம் பூரா மரம் வரப்போவுது. உன் வண்டிக்கும் இதுல பங்கு உண்டு" என்றார். அன்று மேடம் வழியில் வண்டியை நிறுத்தி, வீட்டுக்கு மல்லிகைப் பூ வாங்கினார்.

அடுத்த ஐப்பசியில் குன்னூரில் ஒரு கல்யாணம். மேடத்தின் அத்தானுக்கு அண்ணன் ஒருவர் அங்கே இருந்தார். அவர் பெண்ணுக்கு. அக்கா, அத்தான், மேடம் மூன்று பேரும் என் வண்டியில்தான் போனார்கள். மழைக்காலத்தில் நானோ மேடமோ அந்த மலையை அதற்கு முன் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் உருப்படியான படம் கிடையாது. படம் இல்லாத மாதத்தில் போக வேலை கிடையாது. கல்யாணத்தன்று காலையில் மழை விட்டிருந்தது. முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது, ஒரு எட்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார் மேடம். மண்டபத்துக் கூட்டத்தில் உட்காரப் பிடிக்காமல் அக்காவும் ஏறிக்கொண்டார்.

அந்த மேட்டுக்கு வந்ததும் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். பழுப்பு இல்லை. முழங்கால் உயரம் புல். ஒரே பச்சை என்று சொல்ல முடியாது. பச்சையில் எத்தனை உண்டோ அத்தனையும். ஊடே நீலமும் மஞ்சளுமாய்ச் சின்னச் சின்னப் பூ. கால் வைத்தால் தரை அமுங்கியது, எடுத்தால் எழும்பியது. ஒவ்வொரு புல் கட்டுக்கு அடியிலும் தண்ணீர் கசிந்தது. ஓடை ஒன்றல்ல. இருந்த மேடு பூராவுமே ஓடை. காது முழுக்க அந்தச் சத்தம்தான். மேடம் செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். அங்கே இங்கே குனிந்து மண்ணைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு ரோட்டைத் தாண்டி அடுத்த மேட்டுக்கு, சீகைக்குள் போனார். நானும் போனேன். அத்தனை மழையிலும் அதன் அடியில் சருகு காய்ந்தாற்போல் கிடந்தது. ஒரு புல் இல்லை, பூச்சி இல்லை. பள்ளத்தில் ஓடைக் கல் இருந்தது. ஓடை இல்லை. மேடம் திரும்பி வந்து நனைந்த புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கதவைத் திறந்து குடையோடு இறங்கினார். "ஏண்டி, கல்யாணத்துக்கு வந்தியா, மாடு மேய்க்க வந்தியா? அது என் பொடவடி! ஒக்காந்து சேத்துல தோய்க்கறியே!"

மேடம் அக்காவைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார். "தூங்கிட்டு இருந்தத செத்ததுன்னு எழுதிட்டேண்ணா."

வண்டியிலிருந்து அவர் செருப்பை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

கைப்பையில் சின்னக் கேமரா வைத்திருந்தார், கல்யாணத்துக்காக. ரோல் முழுவதையும் அந்த மேட்டிலேயே எடுத்துத் தீர்த்தார். அதற்குள் கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி வந்துவிட்டது. தாம்பரத்தில் ஸ்டூடியோக்காரர் கழுவிக் கொடுத்தபோது எல்லாமே வெள்ளை. ஒன்றே ஒன்றில் அக்கா மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு கோபமாய் நின்றார். "பிலிம்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. நீங்க புகையத்தான் எடுத்திருக்கீங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்க வேண்டும் என்று மேடம் பெரிய சாரிடம் கேட்டார். நான் அப்போது மாடிக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. பெரிய சார் சத்தம் போடவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "நீ பார்த்தது நிஜமா இருக்கலாம்மா. ஆனா நாம பார்த்தத எழுதற ஆபீஸ் இல்ல, படத்துல இருக்கறத எழுதற ஆபீஸ். மழைக்காலத்துப் படம் ஒண்ணு காட்டு, நானே கையெழுத்துப் போட்டு மாத்தறேன். நடவும் நின்னுடும்." மேடம் இருக்கிற மழைக்காலத்துப் படங்கள் எல்லாவற்றையும் வரவழைத்துப் பார்த்தார். கண்ணாடி மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாவற்றிலும் அந்த மலை இருக்கும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு. புல் உயிரோடு இருக்கிற மாதத்தில் வானத்துக்குக் கண் இல்லை. கண் திறக்கிற மாதத்தில் புல்லுக்கு உயிர் இல்லை. மேடம்தான் அப்படிச் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரே ஒரு நாள், சாட்டிலைட் போகிற நேரத்தில், மேகம் விலகினால் போதும். அதைத்தான் மேடம் பிடித்துக்கொண்டார். சாட்டிலைட் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் அந்த மலைக்கு மேலே போகும். என்றைக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். அன்று காலையில் என்னை வரச் சொல்வார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் அப்போதுதான் எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. அங்கிருந்து குன்னூர்க்காரருக்கு, அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்கு, போன் போடுவார். ஒரே கேள்வி: "பெரியப்பா, இன்னிக்கு மேகம் இருக்கா?" அக்கா பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி அவரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். பதிலை அவர் முகத்திலேயே தெரிந்துகொள்வேன். பூத்காரன் எங்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவான்.

"வாங்க மேடம். மேகத்துக்கு லைன் போடட்டா?"

"போடுப்பா" என்பார்.

"இன்னா பேஜாரு மேடம் உங்களோட. ஊர்ல அவனவன் மழை வரலியேன்றான். நீங்க ஏன் வந்துகினு கீதுன்றீங்க."

அவனிடமும் சிரிப்பார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விடும்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. இரண்டாவதில், ஒரு காலை, போனை வைத்துவிட்டு வெளியே வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். "பளிச்சுன்னு இருக்காம்ணா. துணி காயவெச்சிருக்காங்களாம்." கண்ணில் நீர் நின்றது. பூத்காரனுக்கே சந்தோஷம். அன்றைக்குப் பணம் வேண்டாம் என்றான். மேடம் கேட்கவில்லை, கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் படம் கைக்கு வரச் சில மாதம் ஆகும். அந்த மாதங்களில்தான் அவர் வழியில் பேச ஆரம்பித்தார். இந்தப் படத்தில் புல் சிவப்பாகத் தெரியும், சீகையைவிட வேறு மாதிரிச் சிவப்பு, இளஞ்சிவப்பு, பாருங்கள் என்பார். பொழிச்சலூர் வந்து சேரும் வரை பேசுவார். நான் உம் கொட்டுவேன்.

படம் வந்த அன்று என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். கீழே சமவெளி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஆறு தெரிந்தது. அணை தெரிந்தது. மலைச் சரிவில் பாதி வரை தெரிந்தது. உச்சியில், அந்த மேடு இருக்கிற இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேகம். குன்னூர்க்காரர் பொய் சொல்லவில்லை. எழுந்ததும் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவர் ஊர் கீழே. சாட்டிலைட் போனது அதற்குப் பிறகு. வெயில் பட்டதும் அந்த ஈர மேட்டிலிருந்தே மேகம் எழும்பியிருக்கும் என்றார் மேடம். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பெரிய சார் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, டியூப் லைட்டை அணைத்தார்.

அதற்கடுத்து வந்த தையில் போனபோது மேட்டில் குழி வெட்டியிருந்தார்கள். பழுப்புப் புல்லில் வரிசை வரிசையாக அடிக்கு அடி குழி. சில வரிசையில் கன்று வைத்தாயிற்று. வேலை செய்த பெண்கள் மேடத்தைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். யாரோ அதிகாரி என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி, "நல்லா புடிச்சிரும்மா, மூணு வருஷத்துல காடு" என்றாள். மேடம் தலையாட்டினார். பிறகும் சில தை போனோம். கன்று இடுப்பளவு வந்தது, ஆளுயரம் வந்தது. ஒரு தையில் நான் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஓடையில் ஈரம் மட்டும் இருந்தது. அதற்கடுத்த தையில் அதுவும் இல்லை. கீழே டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி ரேடியேட்டருக்கு ஊற்றினேன். வாளி காலியாக வந்ததை மேடம் பார்த்தார். டிக்கியில் போட்டு மூடினேன்.

தொண்ணூறுகளில் புதுப் படம் வந்தது. சாம்பல் திட்டு ஒன்றுகூட இல்லை. மலை முழுக்க ஒரே சிவப்பு. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். பட்டணத்தில் ஒரு ஹாலில் கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் பெரியவர்கள் வந்திருந்தார்கள். பெரிய சார் அந்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். மேடம் எழுந்து ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். நான் கதவோரம் நின்றேன். இங்கிலீஷ், எனக்குப் புரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது கேட்டேன், "இன்னா மேடம் படிச்சீங்க?"

"மலை நல்லா இருக்குன்னு படிச்சேண்ணா."

கொஞ்ச தூரம் போன பிறகு, "படத்துல அப்படித்தான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு மலை வேலை அவர் கேட்கவில்லை. ஆபீஸ் வேறு இடத்துக்குப் போனது. என் வண்டியும் ஓய்ந்தது. எப்போதாவது பொழிச்சலூர்ப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். வீட்டில் இருந்தால் காபி கொடுப்பார். மலையைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். முன்போலத்தான், ஆனால் அது இப்போது எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை.

போன வருஷம் மேடம் போய்விட்டார். எனக்குத் தெரியவே சில நாள் ஆகிவிட்டது. துக்கம் கேட்கப் போனேன். அக்காவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, குன்னூர்க் கல்யாணத்தன்று மேலே ஒரு புல் மேட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா என்று உரக்கக் கேட்டேன். "நல்லா ஞாபகம் இருக்கு. என் பொடவய கட்டிக்கிட்டுப் போயி பூரா சேறு பண்ணிட்டா. அரக்குக் கரை. அந்தக் கறை போவவே இல்ல" என்றார். புல்? புல் ஞாபகம் இல்லை.

என் மருமகள் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போய் வந்தாள். அந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறாள். எங்கே பார்த்தாலும் மரம் மாமா, கண்ணுக்குக் குளிர்ச்சி என்றாள். அவள் சொன்னது பொய் இல்லை. மேடம் ஹாலில் வாசித்ததும் பொய் இல்லை. பெரிய சார் கேட்டதிலும் தப்பு இல்லை. யோசித்துப் பார்த்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்த மேட்டில் புல் இருந்தது. முழங்கால் உயரம் இருந்தது. அடியில் தண்ணீர் ஓடியது. பார்த்தவர்களில் ஒருவர் போய்விட்டார், ஒருவருக்கு ஞாபகம் இல்லை. நான் பார்த்தேன். அதற்குப் படம் இல்லை.